வேலை முடியும்வரை வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றால்: வயரிங் வேலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு வயரிங், ஃபேன் லைட் பழுது, டிபி (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்றுதல் போன்ற வேலைகளுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் வேலையைப் பற்றிக் கேட்பதைவிட, அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரை எப்படிச் சமாளிப்பது என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். ஒரே சந்தேகம் வெவ்வேறு வாய்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்ததால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குச் சரியென்று படும் பதில்களை எழுதியிருக்கிறேன். மின்சாரத்துக்கே உரிய எச்சரிக்கைகளைத் தவிர மற்றவை பிளம்பிங், டைல்ஸ், பெயிண்டிங் வேலை செய்கிறவர்களுக்கும் பொருந்தும்.

"அண்ணே, வீட்டுக்காரர் ஏன் நகரவே மாட்டேங்கிறார்? என்மேல நம்பிக்கை இல்லையா?"

பெரும்பாலும் அது உங்களைப் பற்றியதே அல்ல. செலவு எவ்வளவில் போய் நிற்கும், புதிதாகப் பூசிய சுவரை எவ்வளவு உடைப்பார்கள், முன்பு வந்தவர் செய்த பழுது நான்கே நாளில் திரும்பி வந்ததுபோல இதுவும் ஆகுமா என்கிற கவலைகள்தான் அவரை அங்கே நிறுத்துகின்றன. சிலர் வெறும் ஆர்வத்தில் நிற்கிறார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள், பேச ஓர் ஆள் வந்திருக்கிறார் என்பதற்காகவே நிற்பதும் உண்டு.

எந்தக் காரணம் என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும். விலையைக் கேட்கிறவருக்கு விலை தெரிய வேண்டும், "உடைக்காம முடியுமா?" என்று கேட்கிறவருக்கு எங்கே வெட்டப் போகிறோம் என்பது தெரிய வேண்டும். எல்லோரையும் சந்தேகப் பேர்வழிகளாக எண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், இல்லாத சந்தேகத்தை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

"நிக்கிறது அவரு உரிமைதானே? தள்ளி நிக்கச் சொல்ல நமக்கு அதிகாரம் இருக்கா?"

அறையில் இருப்பது அவருடைய உரிமை. வீடும் அவருடையது, பணமும் அவருடையது, ஆகவே "வெளியே போங்க" என்று சொல்ல நமக்கு இடமில்லை. ஆனால் கை எட்டும் தூரத்தில் நிற்பதும், ஏணிக்குக் கீழே நிற்பதும், திறந்த டிபி-க்கு முன்னால் தலையை நீட்டுவதும் அந்த உரிமையில் சேராது. 230 வோல்ட் வீட்டுக்காரர், வேலைக்காரர் என்று பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் அங்கே நடப்பதற்குப் பொறுப்பாளி வேலை செய்கிறவர்தான் என்பதால், தள்ளி நிற்கச் சொல்வது நம்முடைய கடமை.

குறைந்தது ஆறடி தள்ளி என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஏணியில் ஏறும்போது, ஏணி சாய்ந்தால் எவ்வளவு தூரம் விழுமோ அதற்கும் அப்பால் இருக்கச் சொல்லுங்கள்.

"தள்ளி நில்லுங்கன்னு சொன்னா கோவிச்சுக்கிறாங்களே, எப்படிச் சொல்றது?"

வேலையின் நடுவில் எரிச்சலோடு சொல்வதால்தான் கோபம் வருகிறது. பையைத் திறப்பதற்கு முன்பே, காரணத்தோடு, நிற்க வேண்டிய இடத்தையும் காட்டிச் சொல்லுங்கள். "சார், கட்டர் மெஷின் ஓடும்போது கல் தெறிக்கும், நான் கண்ணாடி போட்டிருக்கேன், உங்களுக்கு இல்லை. அந்த வாசல்படிகிட்ட நின்னீங்கன்னா எல்லாம் தெரியும்" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. வயதானவர் என்றால் நீங்களே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, "ஐயா, உட்கார்ந்து பாருங்க" என்று சொல்லுங்கள். உட்கார்ந்தவர் எழுந்து நெருங்கி வருவது குறைவு.

இன்னொரு வழி, தரையில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு, கருவிகளை எல்லாம் அதன்மேல் பரப்பி வைப்பது. ஸ்க்ரூவும் கட்டிங் பிளேயரும் கிடக்கிற விரிப்பை மிதித்துக்கொண்டு யாரும் உள்ளே வருவதில்லை. தரையும் அழுக்காகாது.

"வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பேசிட்டா இந்தத் தொல்லை குறையும்?"

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். அருகில் நிற்கிறவர் பார்வையாலே தேடிக்கொண்டிருக்கும் தகவலை நாம் வாயால் முன்பே கொடுத்துவிட்டால், அவர் நிற்கத் தேவையே பாதி குறைந்துவிடும். கூலி எவ்வளவு, பொருள் தனியா சேர்த்தா, பொருளை யார் வாங்குவது, எத்தனை மணிக்கு முடியும், எங்கெங்கே சுவரை வெட்டுவோம், வெட்டிய இடத்தைப் பூசுவது நம் வேலையா கொத்தனார் வேலையா என்பவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். பூச்சு வேலை யாருடையது என்பதைச் சொல்லாமல் விட்டதால் கடைசி நேரத்தில் நடந்த சண்டைகள்தான் நான் பார்த்தவற்றில் அதிகம்.

கரண்ட் எவ்வளவு நேரம் இருக்காது என்பதையும் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியை முன்பே நிரப்பிக்கொள்ளவும், மாவு அரைக்க வேண்டியிருந்தால் அரைத்துவிடவும், போனைச் சார்ஜில் போட்டுக்கொள்ளவும் அவர்களுக்கு நேரம் வேண்டும். அப்படிச் சொல்லாமல் மெயினை இறக்கிவிட்டு, "எப்பங்க வரும்?" என்று பத்து முறை கேட்கிறார்கள் என்று குறைபடுவது நியாயமில்லை.

கழற்றிய பழைய பொருள் யாருக்கு என்பது அடுத்தது. பழைய செம்புக் கம்பிக்கு எடைக்கடையில் நல்ல விலை கிடைக்கிறது. எலக்ட்ரீஷியன் அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வது பல ஊர்களில் வழக்கமாக இருந்தாலும், கேட்காமல் எடுத்தால் அது வீட்டுக்காரரின் பொருளை எடுத்ததுதான். "கழட்டின கம்பி, சுவிட்சு எல்லாம் இந்தச் சாக்குல போட்டு வைக்கிறேன், நீங்க பார்த்துக்கங்க" என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். அவர் நிற்கும் விதமே மாறும். பாதிப் பேர் தாங்களாகவே "நீங்களே எடுத்துக்கங்க தம்பி" என்று கொடுத்துவிடுகிறார்கள்.

"நாள் கூலிக்குப் போனா டீ குடிக்கிறதைக்கூட எண்ணுறாங்க. பாயிண்ட் கணக்குல போனா வேகமா முடிக்கிறான்னு சந்தேகப்படுறாங்க. எதுதான் நல்லது?"

இரண்டிலும் அவர்கள் கவலைக்குக் காரணம் இருக்கிறது. நாள் கூலியில் நேரம் போனால் நஷ்டம் அவருக்கு. ஆகவே நேரத்தைக் கவனிக்கிறார். பாயிண்ட் கணக்கில், அதாவது ஒவ்வொரு லைட், ஃபேன், பிளக் இடத்துக்கும் இவ்வளவு என்ற கூலியில், வேகமாக முடித்தால் லாபம் நமக்கு. ஆகவே தரத்தைக் கவனிக்கிறார். என் கருத்தில், புது வீட்டு வயரிங்குக்குப் பாயிண்ட் கணக்கும், எங்கே பழுது என்றே தெரியாத பழைய வீட்டு வேலைக்கு நாள் கூலியும் பொருத்தம். நாள் கூலி என்றால் சாப்பாட்டு நேரத்தையும் டீ நேரத்தையும் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

"பத்து நிமிஷத்துல முடிச்சதைப் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, இதுக்கா இவ்வளவுன்னு கூலியைக் குறைக்கிறாங்க."

சீலிங் ஃபேன் சுற்றவில்லை என்று கூப்பிடுகிறார்கள். சுவிட்சைப் போட்டால் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது, கையால் இறக்கையைத் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றுகிறது. கப்பாசிட்டர் போய்விட்டது என்று நமக்கு ஏணி ஏறும் முன்பே தெரிகிறது. மேலே மூடியிருக்கும் கப்பை இறக்கி, 2.5 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை மாற்றி, டேப் சுற்றி இறங்கிவிடுகிறோம். நின்று பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்தது அந்தச் சின்னப் பொருளும் பத்து நிமிடமும் மட்டுமே. அறிகுறியைப் படித்து, ஃபேனை இறக்காமலேயே பழுதைக் கண்டுபிடித்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே வந்து பார்ப்பதற்கு இவ்வளவு, சரிசெய்வதற்கு இவ்வளவு என்று ஃபேனைத் தொடுவதற்கு முன்பே சொல்லுங்கள். பழுதைக் கண்டுபிடிக்கும்போது வாயைத் திறந்து, "இந்தச் சத்தம் கேக்குதா சார், காயில் நல்லா இருக்கு, கப்பாசிட்டர்தான்" என்று காட்டுங்கள். கூலி வேண்டும் என்பதற்காக வேலையை இழுத்தடிப்பது மட்டும் வேண்டாம். நிற்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டு வேலை பார்க்கும்போது வீட்ல யாராவது போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு."

பயப்பட வேண்டிய விஷயம்தான். அறையில் நிற்கிறவரைவிட, என்ன நடக்கிறது என்று தெரியாமல் அடுத்த அறையில் இருக்கிறவரால்தான் ஆபத்து அதிகம். மிக்ஸி ஓடவில்லை என்று சமையலறையிலிருந்து வந்து எம்சிபி-யை (டிபி-யில் உள்ள, லோடு கூடினால் தானாக இறங்கும் சுவிட்ச்) தூக்கிவிடுகிறார்கள். பழைய வீடு என்றால் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இது நல்ல பாதுகாப்பு. புது வீடு என்றால் எம்சிபி-யை இறக்கி, அதன்மேல் டேப் ஒட்டி, "ஆள் வேலை செய்கிறார்" என்று எழுதி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லோரிடமும் வாய்விட்டும் சொல்லுங்கள். அருகில் நிற்கும் வீட்டுக்காரருக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்றால், டிபி-க்குப் பக்கத்தில் நின்று யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை இறக்கியவுடன் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு வந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். அதையும் தனியாக நிறுத்தி, தொடப் போகும் கம்பியை டெஸ்டராலும் மீட்டராலும் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். "நான் ஆஃப் பண்ணிட்டேன் தம்பி, நீங்க தொடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்லும் சொல்லை நம்பித் தொடக் கூடாது. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. எந்த எம்சிபி எந்த அறைக்கு என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

"நொடிக்கொரு கேள்வி கேக்குறார். பதில் சொல்லாம இருந்தா திமிருங்கிறார்."

பதில் சொல்லக்கூடிய வேலை உண்டு, சொல்லக் கூடாத வேலையும் உண்டு. சுவிட்ச் போர்டுக்குப் பிளேட் மாட்டும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மூன்று ஃபேஸ் வீட்டில் டிபி-க்குள் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) இணைப்பைத் தொடும்போது பேசக் கூடாது. அங்கே ஒரு ஸ்க்ரூ சரியாக இறுகாமல் நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 300-க்கு மேலும் ஏறக்கூடும். டிவி, ஃபிரிட்ஜ், எல்ஈடி பல்பு என்று வரிசையாகக் கருகும். பேச்சில் கவனம் சிதறி இறுக்காமல் விட்ட ஒரே ஸ்க்ரூ அதற்குப் போதும்.

ஆகவே அந்தக் கட்டம் வருவதற்கு முன் நிறுத்தி, "சார், இந்த அஞ்சு நிமிஷம் மட்டும் நான் பேச மாட்டேன், முடிச்சிட்டு நீங்க கேட்டதெல்லாம் சொல்றேன்" என்று சொல்லுங்கள். முடித்ததும் சொன்னபடியே கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை நீங்கள் கேட்கும் ஐந்து நிமிடத்தை அவர் தருவார்.

"நானும் ஏதாவது ஹெல்ப் பண்றேன்னு டார்ச் பிடிக்க, ஏணி பிடிக்க வர்றாங்க. விடலாமா?"

மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தால் டார்ச் பிடிக்க விடலாம். ஏணியைப் பிடிக்க நம் கையாள்தான் வேண்டும், வீட்டுக்காரர் வேண்டாம். அவருக்குப் போன் வந்தால் கையை எடுத்துவிடுவார். கம்பியை இழுப்பது, டெஸ்டர் வைத்துப் பார்ப்பது ஆகியவற்றை எக்காரணத்தைக் கொண்டும் அனுமதிக்க வேண்டாம்.

"சின்னப் பசங்க சுத்திச் சுத்தி வர்றாங்க, பெத்தவங்க கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க."

இதில் தயவுதாட்சண்யம் கிடையாது. குழந்தை அறைக்குள் இருந்தால் கருவியைக் கீழே வைத்துவிடுங்கள். "அம்மா, பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க, அதுக்கப்புறம் ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிக் காத்திருங்கள். திறந்த பிளக் பாயிண்ட், துளையிட்ட இடத்திலிருந்து விழுந்த ஸ்க்ரூ, வெட்டிய கம்பித் துண்டு எல்லாமே குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன.

"யூட்யூப்ல இப்படித்தான் பண்ணாங்கன்னு சொல்றவரை என்ன பண்றது? இன்னொருத்தர் ரிட்டயர்டு இன்ஜினியர்."

இருவரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் சொல்வதில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். வீட்டு வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன. அவர் அவற்றை வைத்துப் பேசினால் நாமும் அவற்றை வைத்தே பேசலாம், அவர் சொல்வது சரியென்றால் ஏற்றுக்கொள்ளலாம்.

வீடியோ பார்த்துவிட்டுச் சொல்கிறவரிடம் "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்வது பயன் தராது. வெளிநாட்டு வீடியோவில் கம்பிகளின் நிறமே வேறு. நம் ஊரில் ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்று எடுத்துக் காட்டினால் பேச்சு அங்கேயே தெளிந்துவிடும்.

"சொல்றபடி செய்யுங்கன்னு பக்கத்துல நின்னுக்கிட்டே தப்பான வேலையைச் செய்யச் சொல்றார். காசு கொடுக்கிறவர் அவருதானே?"

சுவிட்ச் எந்த இடத்தில், பிளேட் எந்த நிறம், கம்பி எந்தக் கம்பெனி என்பவற்றில் அவர் சொல்வதே முடிவு. உயிருக்கு ஆபத்தான விஷயத்தில் அவர் சொல்வது முடிவல்ல. அடிக்கடி வரும் இரண்டைச் சொல்கிறேன். "ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகுது, அதைத் தூக்கிட்டு நேரா கொடுங்க" என்பார்கள். ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் வைத்திருக்கிறோம். அது இறங்குகிறது என்றால் கீசர் எலிமென்ட்டிலோ ஈரம் இறங்கிய சுவிட்ச் பெட்டியிலோ கசிவு இருக்கிறது, அல்லது இரண்டு லைன்களின் நியூட்ரல் கலந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேடிச் சரிசெய்வதுதான் வேலை. அடுத்து, 2000 வாட் கீசரை 6 ஆம்பியர் பிளக்கிலேயே மாட்டச் சொல்வார்கள். அது எடுப்பது ஏறக்குறைய 8.7 ஆம்பியர் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள், 16 ஆம்பியர் பாயிண்ட்டும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் தேவை என்று சொல்லுங்கள்.

அப்படியும் பிடிவாதம் பிடித்தால், "மத்த வேலை எல்லாம் முடிச்சுத் தர்றேன், இதை மட்டும் நான் செய்ய மாட்டேன்" என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். மீட்டர் சீலில் கை வைக்கச் சொன்னால் பேச்சுக்கே இடமில்லை. மீட்டரில் கை வைத்து மின்சாரத்தைத் திருடுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி குற்றம்.

"அப்படியே இதையும் பார்த்துடுங்கன்னு ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே போறாங்க."

ஒரு ஸ்க்ரூ இறுக்குவதற்கும் பல்பு மாட்டுவதற்கும் கணக்குப் பார்க்காதீர்கள். புதிதாக ஒரு பாயிண்ட் என்றால் அந்த இடத்திலேயே கூலியைச் சொல்லி, தாளில் எழுதிவிடுங்கள். முடிவில் மொத்தமாகச் சொல்லும்போதுதான் தகராறு வருகிறது.

"ஹெல்பர் பையனைப் பார்த்து வீட்டுக்காரர் கத்துறார்."

அவனிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள் என்று உடனே இடையில் நில்லுங்கள். பையன் தவறு செய்திருந்தால் தனியாக அழைத்துத் திருத்துங்கள். வீட்டுக்காரர் முன்னால் நீங்களும் சேர்ந்து திட்டினால் அவன் கை நடுங்கும். நடுங்குகிற கையோடு ஏணியில் ஏற்றக் கூடாது.

"பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுல எப்படி நடந்துக்கணும்? அவங்க வாசல்லயே நிக்கிறாங்க."

அவர்கள் வாசலில் நிற்பது முற்றிலும் நியாயம். அதைக் குறையாக எண்ணவே கூடாது. வாசற்கதவைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். படுக்கையறையில் வேலை இருந்தால், "அம்மா, உள்ள போகலாமா?" என்று கேட்டு, அவர்கள் வந்து பார்த்து ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிய பிறகு நுழையுங்கள். முடிந்தவரை கையாளோடு போங்கள். வேலையைத் தவிர வேறு பேச்சு வேண்டாம், அவர்கள் எண்ணுக்கு வேலை முடிந்த பிறகு செய்தி அனுப்புவதும் வேண்டாம்.

"போன்ல வீடியோ எடுக்கிறார். திருட்டுப்பயலைப் பார்க்கிற மாதிரி இருக்கு."

எதற்கு என்று கேளுங்கள். வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்புவதற்காக இருக்கலாம். வேலையை எடுக்கட்டும், முகத்தை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. சுவருக்குள் போகும் பைப்பை நீங்களே போட்டோ எடுத்து அனுப்பும் வழக்கம் வைத்துக்கொண்டால், அவர் போனைத் தூக்க வேண்டிய தேவையே வராது.

நகை, பணம் இருக்கும் பீரோ அறையில் வேலை என்றால் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த அறையில் மட்டும் வீட்டார் ஒருவர் கூடவே இருப்பதை நாமே கேட்டு வாங்க வேண்டும். பிறகு ஏதாவது காணவில்லை என்று பேச்சு எழுந்தால் நமக்குச் சாட்சி அவர்தான்.

"எல்லா நேரமும் நிக்கிறவர், முக்கியமான நேரத்துல காணாமப் போயிடுறார். அப்புறம் பாயிண்ட் அங்க இல்லையேன்னு கேக்குறார்."

நெருங்கி நிற்கக் கூடாத நேரங்களைப் பற்றி மேலே எழுதினேன். கட்டாயம் நிற்க வேண்டிய நேரங்களும் இருக்கின்றன. சுவரில் சாக்பீஸால் பாயிண்ட் குறிக்கும்போது, ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் பைப் போட்டு முடித்ததும், பூச்சுக்கு முன் காடி (பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) வெட்டிப் பைப் புதைத்ததும், கடைசியில் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டும்போதும் அவர் இருந்தே ஆக வேண்டும். கட்டில் எந்தப் பக்கம் வரும், ஃபிரிட்ஜ் எங்கே, வாஷிங் மெஷின் எங்கே என்பது அவருக்கும் வீட்டம்மாவுக்கும்தான் தெரியும். வெளியூரில் இருந்தால் வீடியோ காலிலாவது கூப்பிட்டு ஒப்புதல் வாங்குங்கள்.

காடி வெட்டிய பிறகு எடுக்கும் போட்டோவில் அளவு நாடாவையும் சுவரில் வைத்து எடுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிக்கவோ அலமாரி மாட்டவோ டிரில் போடுகிறவர் பைப்பில் துளையிடாமல் இருக்க அந்தப் படம் உதவும். தன்னை முறையாகக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த வீட்டுக்காரர், கூப்பிடாத நேரத்தில் வந்து நிற்பதைத் தானாகவே குறைத்துக்கொள்கிறார்.

"எல்லாம் பண்ணியும் விடாம திட்டிக்கிட்டே இருக்கார். பாதியில விட்டுட்டு வந்துடலாமா?"

வேலை நுணுக்கமாக வேண்டும் என்று படுத்துகிறவரை விட்டுவிட்டு வராதீர்கள். முடித்த பிறகு பத்துப் பேரிடம் உங்களைச் சொல்லப் போகிறவர் அவர்தான். சாதியைச் சொல்லித் திட்டினாலோ, கை ஓங்கினாலோ, நிறுத்திய லைனை வேண்டுமென்றே போட்டாலோ வந்துவிடலாம், வந்துவிட வேண்டும்.

ஆனால் திறந்த கம்பியோடு விட்டு வரக் கூடாது. ஒவ்வொரு கம்பி முனையையும் கனெக்டரிலோ டேப்பிலோ மூடி, டிபி-யின் கவரை மாட்டி, முடிந்த லைன்களுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, முடியாத லைன்களின் எம்சிபி-யை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். எது முடிந்தது, எது முடியவில்லை, எந்த எம்சிபி-யைத் தூக்கக் கூடாது, முடிந்த பாயிண்ட்டுகளுக்கு எவ்வளவு கூலி என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் இன்னொருவர் கையில் கொடுங்கள். அடுத்து வரப்போகும் எலக்ட்ரீஷியனுக்கும் அந்தத் தாள் வேண்டும் என்று அவரிடம் சொல்லி, அதை ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.